வினையும் வைரஸும்: ஆபத்துக் குறைந்த உறவுக்குப் பின் எழும் தொற்றுப் பயம்

பாலுறவின் வழியாகப் பரவும் தொற்றுகளைத் தமிழகத்து ஏடுகள் பால்வினை நோய்கள் என்று எழுதுகின்றன. இலங்கையில் பாலியல் நோய்கள் என்பதே பெரும்பாலும் வழக்கு. முதலாவது சொல் எனக்கு எப்போதும் சற்று நெருடலாகவே இருந்துவந்திருக்கிறது. வினை என்ற உடனேயே, வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று சிறுவயதில் கேட்ட வாக்கு காதில் விழுகிறது. செய்த செயலுக்குரிய தண்டனையாக நோய் வந்தே தீரும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே குடியிருப்பதுபோலத் தோன்றுகிறது. எப்போதோ ஒருமுறை நடந்த உறவுக்குப் பின், தொற்றுக்கான வாய்ப்பு மிகச் சிறிதாக இருந்தபோதிலும் வாரக்கணக்கில் உறக்கமின்றித் தவிப்பவர்களைப் பிடித்து ஆட்டுவது பெரும்பாலும் இந்த எதிர்பார்ப்பே.

ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருக்கு வயது 27, கொழும்பில் வேலை. சொந்த ஊரான யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் கொடியேற்றத்துக்குச் சில நாட்கள் முன்னதாக, அண்மையில் அறிமுகமான ஒரு பெண்ணுடன் ஒருமுறை உறவு கொள்கிறார். ஆணுறை அணிந்திருந்தார், அது கிழியவும் இல்லை, கழரவும் இல்லை. அன்றிரவு எந்தக் கவலையும் எழவில்லை. ஊருக்கு வந்து, விரதம் பிடிக்கும் தாயுடன் கோயில் வீதியில் நிற்கும்போதுதான் மனம் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறது. அடுத்த வாரம் தொண்டை கரகரக்கிறது. பின்னர் வயிறு கலங்குகிறது. இருபத்தைந்தாம் நாள் தீர்த்தத் திருவிழா முடிவதற்குள், கைப்பேசியில் நூற்றுக்கணக்கான பக்கங்களை வாசித்துத் தனக்கு எச்.ஐ.வி தொற்றிவிட்டது என்று அவர் முடிவே செய்துவிடுகிறார். இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் இவருடைய கணக்கு எங்கே பிழைத்தது என்று பார்ப்பது பலருக்கும் உதவக்கூடும்.

தொற்று ஏற்படுவதற்குச் சில நிபந்தனைகள் ஒரே வேளையில் நிறைவேற வேண்டும். முதலில், மற்றவரின் உடலில் அந்தக் கிருமி இருக்க வேண்டும். அடுத்து, அது போதிய அளவில் இருக்கும் ஒரு திரவம் வெளிப்பட வேண்டும், எச்.ஐ.வியைப் பொறுத்தவரை இரத்தம், விந்து, விந்துக்கு முன் கசியும் திரவம், யோனித் திரவம், மலக்குடல் திரவம், தாய்ப்பால் ஆகியவையே அத்தகையவை. பின்னர் அந்தத் திரவம் பிறப்புறுப்பு, மலக்குடல் போன்றவற்றின் உட்புறத்தே உள்ள மென்சவ்வையோ திறந்த காயத்தையோ நேரடியாகச் சென்றடைய வேண்டும். இவற்றில் ஒன்று அறுந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். உமிழ்நீர், வியர்வை, கண்ணீர், சிறுநீர் ஆகியவற்றின் வழியாக எச்.ஐ.வி பரவுவதில்லை. காயமற்ற தோலை அதனால் ஊடுருவ முடியாது. உடலுக்கு வெளியே வந்து காற்றுப்பட்டு உலரத் தொடங்கியதும் அது தொற்றும் ஆற்றலை விரைவில் இழந்துவிடுகிறது. எனவே முத்தம், அணைப்பு, உடையுடன் உரசுதல், உடலை அழுத்திப் பிடித்துவிடுதல், கையால் இன்பமூட்டுதல் என்பவை எச்.ஐ.வியைப் பொறுத்தவரை அஞ்சத்தக்கவை அல்ல. ஆணுறை முறையாக அணிந்து முழுமையாக நடந்த உறவும் ஆபத்து மிகக் குறைந்த வகையிலேயே சேரும்.

ஆணுறை இல்லாத நிலையிலும் பலர் அஞ்சுமளவுக்கு எண்கள் பெரியவை அல்ல என்பது பலருக்கு வியப்பளிக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு மையம் வெளியிட்டுள்ள மதிப்பீட்டின்படி, எச்.ஐ.வி உள்ள, சிகிச்சை பெறாத ஒரு பெண்ணுடன் ஆணுறையின்றி யோனிவழி உறவு கொள்ளும் ஆணுக்கு, ஒரு தடவையில் தொற்று ஏற்படும் வாய்ப்பு 10,000இல் சுமார் 4. அதே உறவில் பெண்ணுக்கு 10,000இல் சுமார் 8. மலவாய்வழி உறவில் ஏற்பவருக்கு இது 10,000இல் 138 ஆக உயர்கிறது. இந்த எண்கள் யாவும் மற்றவருக்குத் தொற்று உண்டு என்ற அனுமானத்தின்மீது நிற்பவை. இலங்கையில் வயதுவந்தோரிடையே எச்.ஐ.வி பரவல் 0.1 சதவீதத்துக்கும் குறைவு, அதாவது ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. நம் இளைஞரின் துணைக்குத் தொற்று இருப்பதற்கான வாய்ப்பை, பயத்துக்கு விட்டுக்கொடுத்து, நூறில் ஒன்று என்றே மிகைப்படுத்தி வைப்போம். அப்போதும், ஆணுறையே இல்லாதிருந்தாலும், அவருக்குரிய கணக்கு பத்து இலட்சத்தில் நான்கு என்றுதான் வருகிறது. ஆணுறை அதை மேலும் பன்மடங்கு குறைக்கிறது. இவை சராசரிகள் என்பதை மறக்கலாகாது. பிறப்புறுப்பில் புண் இருந்தால், அல்லது மற்றவருக்குத் தொற்று மிக அண்மையில் ஏற்பட்டு இரத்தத்தில் வைரஸ் மிகுந்திருந்தால், வாய்ப்பு உயரும். ஆகவே இந்த எண்களை இனி ஆணுறை வேண்டாம் என்பதற்கான அனுமதியாக எவரும் வாசித்துவிட வேண்டாம்.

மறுபக்கமாக, சிகிச்சை பெற்று இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துள்ள ஒருவரிடமிருந்து பாலுறவின் மூலம் எச்.ஐ.வி பரவுவதில்லை. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத ஆண் இணையர்களை ஐரோப்பாவில் பின்தொடர்ந்து 2019ஆம் ஆண்டில் முடிவு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், ஆணுறையின்றி நடந்த சுமார் 76,000 உறவுகளில் ஒன்றின் மூலமும் துணைக்கு வைரஸ் கடத்தப்படவில்லை. நம் ஊரில் இன்றும் எச்.ஐ.வி உள்ளவரின் கோப்பையைக் கழுவித் தனியே வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

எச்.ஐ.வி ஆபத்து மிகக் குறைவு என்று சொல்லும்போது ஏனைய தொற்றுகளும் அவ்வாறே என்று பொருளாகாது. பயப்படுபவர்கள் எச்.ஐ.வி ஒன்றையே எண்ணி உருகுவதும், உண்மையில் தம்மை வந்தடையக்கூடியவற்றை மறந்துவிடுவதும் ஒரு விந்தை. வாய்வழி உறவில் எச்.ஐ.விக்கான வாய்ப்பு மிகச் சொற்பம். ஆனால் நம் பாட்டன்மார் வெட்டை என்றழைத்த கொனோரியா, சிபிலிஸ், ஹேர்பீஸ் ஆகியவை அவ்வழியே பரவக்கூடும். சிபிலிஸ், ஹேர்பீஸ், கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி ஆகியவை தோலும் தோலும் உராய்வதாலும் கடத்தப்படுவதால் ஆணுறை அவற்றை முழுமையாகத் தடுப்பதில்லை, குறைக்கவே செய்கிறது. பாலுறவில் பரவும் தொற்றுகளில் கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ் மூன்றும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் குணமாகக்கூடியவை. ஹேர்பீஸ் உடலில் தங்கிவிடுமாயினும் மருந்தால் கட்டுப்படும். அந்தக் குடும்பத்தின் முதலாம் வகை வைரஸ் பலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே, உறவினரின் முத்தத்தின் மூலமாகக்கூடத் தொற்றியிருக்கும். எச்.பி.விக்கான தடுப்பூசி 2017ஆம் ஆண்டு முதல் இலங்கையில் ஆறாம் தரத்து மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே ஏற்றப்படுகிறது. பாலுறவின் வழியாகவும் பரவக்கூடிய ஈரல் அழற்சி பி வகைக்கான (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசியும் 2003 முதல் படிப்படியாகத் தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்கள் தாம் அதை ஏற்றிக்கொண்டோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.

ஆணுறையைப் பற்றி இங்கே ஒரு சொல். அது கிழிந்தால் பொதுவாகக் கண்ணுக்குத் தெரியும்படியே கிழியும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்திருக்குமோ என்று மறுநாள் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பவர்கள் தம்மைத் தாமே வதைத்துக்கொள்கிறார்கள். உண்மையான பிழைகள் வேறிடத்தில் உள்ளன. வழவழப்புக்காகத் தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ தடவினால் இரப்பர் சில நிமிடங்களிலேயே பலவீனமடையும். நீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்கிகளையே பயன்படுத்த வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலும், மாதக்கணக்காகப் பணப்பையிலும் கிடந்து வெந்த உறையையும் நம்பக்கூடாது. உறவின் இடையில் அணிந்துகொள்வதும் பாதுகாப்பைக் குறைக்கும்.

அப்படியொரு பிழை உண்மையிலேயே நேர்ந்திருந்தால், அதாவது ஆணுறையின்றியோ அது கிழிந்தோ உறவு நடந்து, மற்றவரின் நிலை தெரியாமல் அல்லது தொற்று உண்டென்று தெரிந்தே இருந்தால், கைப்பேசியில் தேடுவதை விட்டுவிட்டு உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ளும் எச்.ஐ.வி தடுப்பு மாத்திரைகள் உள்ளன; எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு பயன் கிடைக்கும். ஆபத்துக் குறைந்த உறவுக்கு அவை தேவையில்லை, மனநிம்மதிக்காகவும் கொடுக்கப்படுவதில்லை. கர்ப்பம் குறித்த அச்சம் உள்ள பெண்கள் அவசர கருத்தடை மாத்திரைக்கும் காலந்தாழ்த்தக்கூடாது. நடந்தது விருப்பமின்றி நடந்தது எனில் அது முற்றிலும் வேறு விடயம். அரச வைத்தியசாலைகளிலுள்ள நட்பு நிலையங்கள் அதற்காகவே அமைக்கப்பட்டவை.

பரிசோதனைக்கு வருவோம். உறவு நடந்த மறுநாளே ஆய்வுகூடத்துக்கு ஓடுபவருக்குக் கிடைக்கும் முடிவு, அவர் அதற்கு முந்தைய மாதங்களில் எப்படி இருந்தார் என்பதைத்தான் கூறும். வைரஸ் உடலுக்குள் புகுந்த பின்னும், பரிசோதனையின் கண்ணில் படும் அளவுக்கு அது பெருகவோ, அதற்கெதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் என்னும் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகவோ சில வாரங்கள் செல்லும். இந்த இடைவெளியைச் சாளரக் காலம் என்பர். நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தில், பிறபொருளெதிரியையும் வைரஸின் பி24 என்னும் புரதத்தையும் ஒருங்கே தேடும் நான்காம் தலைமுறை ஆய்வுகூடப் பரிசோதனை, தொற்றை 18 முதல் 45 நாட்களுக்குள் கண்டுபிடித்துவிடும். விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தில் பார்க்கும் உடனடிப் பரிசோதனைகளுக்கு 90 நாட்கள் வரை தேவைப்படலாம். எனவே நான்காம் தலைமுறைப் பரிசோதனை 45 நாட்களுக்குப் பின் தொற்று இல்லை என்று சொன்னால், அந்த உறவைப் பொறுத்தவரை கதை முடிந்தது. தடுப்பு மாத்திரை உட்கொண்டவர்களுக்கு மட்டும் இந்தக் காலக்கணக்கு மாறும் என்பதால் அவர்கள் வைத்தியர் குறித்துக் கொடுக்கும் நாட்களையே பின்பற்ற வேண்டும். கொனோரியாவையும் கிளமிடியாவையும் இரண்டு வாரமளவில் பார்க்கலாம். சிபிலிஸின் முதற் புண் 10 முதல் 90 நாட்களுக்குள், பொதுவாக மூன்றாவது வாரமளவில், வலியின்றித் தோன்றும். இரத்தத்தில் அதை இல்லையென்று உறுதிசெய்ய மூன்று மாதமாகும்.

இங்கே ஒரு தவறைக் குறிப்பிடாமல் கடக்க முடியவில்லை. கோயில்களிலும் பாடசாலைகளிலும் இரத்ததான முகாம்கள் அடிக்கடி நடக்கும் ஊர் இது. தானமாகப் பெறும் இரத்தம் எச்.ஐ.வி, ஈரல் அழற்சி, சிபிலிஸ் முதலியவற்றுக்காகச் சோதிக்கப்படுகிறது என்பதும் பலருக்குத் தெரியும். எனவே எவரும் அறியாமல் தன்னைச் சோதித்துக்கொள்ள இதுவே வழி என்று எண்ணி இரத்தம் கொடுக்கச் செல்வது ஒரு தந்திரமாகப் பேசப்படுகிறது. அது ஆபத்தான தந்திரம். சாளரக் காலத்தில் கொடுக்கப்படும் இரத்தம் பரிசோதனையைத் தாண்டி ஒரு நோயாளியின் உடலுக்குள் போய்விடக்கூடும். சந்தேகம் தீரும்வரை இரத்தம் கொடுக்கக்கூடாது. கேள்விப் படிவத்தில் உண்மையையே எழுத வேண்டும்.

நம் இளைஞரின் தொண்டைக் கரகரப்புக்குத் திரும்புவோம். எச்.ஐ.வி தொற்றிய பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் காய்ச்சல், தொண்டை நோவு, தோலில் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டுதல் போன்றவை தோன்றுவது உண்மை. இதே குறிகள் சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் தோன்றும் என்பதும் அதேயளவு உண்மை. திருவிழாக் கூட்டத்தில் இருபத்தைந்து நாட்கள் நின்றவருக்குத் தடிமன் வராமலிருந்தால்தான் வியப்பு. குறிகளைக் கொண்டு எச்.ஐ.வியை உறுதிசெய்யவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதைச் செய்யக்கூடியது பரிசோதனை மட்டுமே. இதில் நான் உண்மையாகவே அஞ்சுவது வேறொன்றுக்கு. வடகீழ்ப் பருவமழையை ஒட்டி யாழ்ப்பாணத்தில் டெங்கு பெருகும் மாதங்களில், காய்ச்சல் கண்ட ஒருவர் அதை எச்.ஐ.வி என்று தனக்குள் முடிவுசெய்து, வெட்கத்தால் வைத்தியரிடம் செல்லாமல் அறைக்குள் முடங்கினால், அவரது உயிருக்கு ஆபத்து அந்த உறவிலிருந்து வராது, நுளம்பிலிருந்தே வரும். காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். எதற்காகப் பயந்தீர்கள் என்று அங்கே எவரும் கேட்கப்போவதில்லை.

பயமும் உடலில் குறிகளை உண்டாக்கும். அச்சத்தின்போது சுரக்கும் அட்ரினலின் இதயத்துடிப்பைக் கூட்டுகிறது, வாயை உலர்த்துகிறது, குடலைக் கலக்குகிறது, கைகால்களில் விறுவிறுப்பைத் தருகிறது, இரவில் வியர்க்க வைக்கிறது. பசி குறைகிறது, பசி குறைந்தால் எடை குறைகிறது, எடை குறைந்ததைக் கண்டதும் பயம் கூடுகிறது. கழுத்து நெறியை நாளுக்கு இருபது தடவை அழுத்திப் பார்ப்பவருக்கு அந்த இடம் நோகத்தான் செய்யும். கைப்பேசி வெளிச்சத்தில் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் ஆராய்பவருக்கு அங்கே ஒரு வெண்படலம் தெரியத்தான் செய்யும். அது நேற்றும் இருந்தது, போன வருடமும் இருந்தது, அப்போது எவரும் பார்க்கவில்லை.

இந்தச் சுழலை ஓட்டும் இயந்திரம் ஆறுதல் தேடுவதுதான். இணையத்தில் தேடியோ, நண்பனிடம் கேட்டோ, மீண்டும் சோதித்தோ ஒரு நிம்மதி கிடைக்கிறது. அது ஒரு மணித்தியாலம் நிற்கிறது. பிறகு, அந்த ஆய்வுகூடம் மாதிரியை மாற்றியிருந்தால், எனக்கு மட்டும் தாமதமாகத் தெரியவந்தால் என்று புதிய ஐயம் எழுகிறது. ஒவ்வொரு தடவையும் ஆறுதல் தேடும்போது, இது உண்மையான ஆபத்து, ஆராய வேண்டியது என்று மூளைக்கு நாமே கற்பிக்கிறோம். சிலருக்கு இதன் அடியில் இருப்பது தொற்றைப் பற்றிய ஐயமே அல்ல. திருமணத்துக்கு முன் நடந்தது, மனைவிக்குத் தெரியாமல் நடந்தது, ஓர் ஆணுடன் நடந்தது, பணம் கொடுத்து நடந்தது என்ற குற்ற உணர்வு நோயின் உடையை அணிந்து வந்து நிற்கிறது. அந்த உணர்வை நான் இகழவில்லை. அதற்குரிய காரணம் இருக்கலாம், யாரிடமோ பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு எவ்வளவு பெரிதாயினும், பத்து இலட்சத்தில் நான்கு என்பது ஐந்தாகிவிடாது. திருமணமான தம்பதியரிடையேயும் வைரஸ் அதே விதிப்படிதான் கடக்கிறது.

யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய் சிகிச்சை நிலையம் இயங்குகிறது. தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் நாடெங்கும் உள்ள இத்தகைய நிலையங்களில் சேவை இலவசம், இரகசியம் காக்கப்படும், வேறொரு வைத்தியரின் கடிதம் வேண்டியதில்லை. தெரிந்த முகம் கண்டுவிடுமே என்ற தயக்கம், தெருவுக்கு ஓர் உறவினர் இருக்கும் எங்கள் ஊரில் விளங்கிக்கொள்ளக்கூடியது. பெண்களுக்கு அது இன்னும் கடினம். அதற்காகக் கொழும்புக்குச் சென்று பார்ப்பவர்களும் உண்டு, அதில் தவறில்லை. எங்கே சென்றாலும் மூன்று செய்திகளை மறைக்காமல் சொல்ல வேண்டும்: எந்தத் திகதியில் நடந்தது, எவ்வகை உறவு, ஆணுறை முழுநேரமும் இருந்ததா. யாருடன் என்பதன் பெயரும் முகவரியும் தேவையில்லை; ஆணா பெண்ணா என்பது தேவை, ஏனெனில் எந்த இடத்திலிருந்து மாதிரி எடுப்பது என்பதைத் தீர்மானிக்க, உறவின் வகையோடு அதுவும் உதவும். ஒரு நண்பருக்கு நடந்தது என்று தொடங்கும் கதையை அங்குள்ளவர்கள் போதியளவு கேட்டிருப்பார்கள்.

உரிய நாளில் ஒரு பரிசோதனை செய்து, தொற்று இல்லை என்ற முடிவு கிடைத்த பின்னும் பயம் விடாவிட்டால், இன்னொரு பரிசோதனை புதிய செய்தி எதையும் தராது. அந்நிலையில் நாடவேண்டியவர் உளநல வைத்தியர். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் மறுநாள்வரைகூடக் காத்திருக்கக்கூடாது. இந்தப் பயத்துக்கு உளநலப் பிரிவில் நடப்பது பெரும்பாலும் மிக எளிமையான ஒரு பயிற்சி: தேடத் தோன்றும்போது தேடாமலிருத்தல், கழுத்தைத் தொடத் தோன்றும்போது தொடாமலிருத்தல், அந்த உந்துதலை அப்படியே வைத்துக்கொண்டு கையிலுள்ள வேலையைத் தொடர்தல். முதற் சில நாட்கள் பதற்றம் கூடுவதுபோலத் தோன்றும். அதற்கு விடை கொடுக்காமல் விட்டால், அரை மணித்தியாலத்திலோ ஒரு மணித்தியாலத்திலோ அது தானாகவே தணியத் தொடங்குவதை நோயாளி தன் உடலிலேயே உணர்கிறார். அடுத்த தடவை அது எழும்போது, முன்னைவிடச் சற்றுக் குறைந்த உயரத்திலேயே எழுகிறது.